புதுப் பங்குக்குப் போகிறேன்: முதல் ஞாயிறு மக்களிடம் என்ன சொல்லலாம்?

புதுப்பங்கு_ஃபாதர் (வியாழன் இரவு)

எல்லோருக்கும் வணக்கம். நான் சேலம் மறைமாவட்டக் குரு. இதுவரை கீழே, நாமக்கல் பக்கம் ஒரு பங்கில் (ஒரு கோவிலும் அதைச் சேர்ந்த மக்களும்) இருந்தேன். இந்த மே மாத மாறுதலில் ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில் ஒரு பங்கைக் கொடுத்திருக்கிறார்கள். பங்கின் பெயரை இங்கே போடவில்லை. யாராவது கண்டுபிடித்தாலும் தயவுசெய்து எழுத வேண்டாம்.

வருகிற ஞாயிறு காலைப் பூசையில் பொறுப்பேற்பு. மறைவட்ட முதன்மைக் குரு (சுற்றியுள்ள பங்குகளுக்குப் பொறுப்பானவர்) வந்து ஆயரின் நியமனக் கடிதத்தை வாசிப்பார். நான் விசுவாச அறிக்கை சொல்வேன். கோவில் சாவியும் நற்கருணைப் பேழைச் சாவியும் கைக்கு வரும். அப்புறம் “ஃபாதர் இப்போது தம்மை அறிமுகப்படுத்திக்கொள்வார்” என்று மைக்கைக் கொடுப்பார்கள். அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றித்தான் கேட்கிறேன்.

வழக்கமாக நாங்கள் சொல்வது பிறந்த ஊர், பெற்றோர், குருமடம், பட்டம் பெற்ற ஆண்டு, இருந்த பங்குகள். என்னாலும் சொல்ல முடியும். ராசிபுரம் பக்கம் நெசவுக் குடும்பம், பூந்தமல்லியில் இறையியல் படிப்பு என்று ஆரம்பித்தால் ஐந்து நிமிடம் ஓடிவிடும். ஆனால் விடிகாலைக் குளிரில் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து நடந்து வருகிற ஓர் அம்மாவுக்கு இதில் எது பயன்படும்? அவருக்குத் தெரிய வேண்டியது வேறு என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. உங்கள் பங்குக்குப் புதிதாக வந்த சாமியார் முதல் நாள் எதைச் சொல்லியிருந்தால் உங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்? அதைச் சொல்லுங்கள்.

அரிசிப்பாளையம்_பெரியவர் (வியாழன் இரவு)

தோத்திரம் சாமி. குழந்தை இயேசு பேராலயப் பங்கில் பிறந்து வளர்ந்தவன் நான். எத்தனையோ சாமியார்களை வரவேற்று, வழியனுப்பியும் இருக்கிறேன்.

முதலில் ஒன்று. ஊரையும் பெற்றோரையும் விட்டுவிடாதீர்கள். நம் ஜனங்கள் ஒருவரை மனதில் வைத்துக்கொள்வதே “எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை” என்பதிலிருந்துதான். நெசவாளர் மகன் என்று நீங்கள் சொன்ன உடனே தறி ஓட்டின வீட்டுக்காரர் ஒருவராவது பூசை முடிந்து உங்களிடம் பேச வருவார். பட்டங்களையும் படிப்பையும் விட்டுவிடலாம், அதை யாரும் தேட மாட்டார்கள்.

இரண்டாவது, உங்களுக்கு முன் இருந்தவரைப் பெயர் சொல்லி நன்றி சொல்லுங்கள். போன வாரம்தான் அவரை அழுதுகொண்டே அனுப்பியிருப்பார்கள். சிலர் அவரோடு மனத்தாங்கலாகவும் இருந்திருப்பார்கள். அந்த இரண்டாவது கூட்டம் முதல் வாரமே உங்கள் வீட்டுக்கு வரும், பழையவரைப் பற்றிக் குறை சொல்லும். மேடையில் நீங்கள் சொல்லும் அந்த ஒரு நன்றி அவர்களுக்கும் பதிலாக இருக்கும்.

மூன்றாவது, ஒரு வருடத்துக்கு எதையும் மாற்றாதீர்கள். நம் மறைமாவட்டம் 1930ல் உருவானது. முதல் ஆயர் ஹென்றி ப்ருனியே பிரெஞ்சுக்காரர், பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்தவர். அதற்கெல்லாம் முன்னால், 1623லேயே தத்துவ போதகர் என்கிற இத்தாலியக் குரு ராபர்ட் தெ நொபிலி மதுரையிலிருந்து திருச்சி வழியாகச் சேலம் வந்திருக்கிறார். கடல் கடந்து வந்தவர்கள்கூட முதலில் நம் பேச்சையும் பழக்கத்தையும் கற்றுக்கொண்டுதான் வாயைத் திறந்தார்கள். ராசிபுரத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகிறவருக்கும் அந்தப் பொறுமை வேண்டும். மலை வேறு, கீழே வேறு.

எஸ்டேட்_மேரி (வெள்ளி காலை)

ஃபாதர், நான் ஏற்காட்டில் காப்பி எஸ்டேட்டில் வேலை செய்கிறவள். நீங்கள் எழுதியிருக்கிற அந்த லைன் வீட்டு அம்மா நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிய வேண்டியதைச் சொல்கிறேன்.

ராத்திரி உடம்பு முடியாமல் போனால் உங்களை எப்படிக் கூப்பிடுவது? போன் நம்பர் கொடுப்பீர்கள், சரி. எங்கள் லைனில் பாதி இடத்தில் சிக்னல் கிடையாது. மேட்டுக்கு ஏறி நின்றால்தான் பேச முடியும். என் மாமனார் கடைசி நேரத்தில் நாங்கள் மேட்டுக்கு ஓடி, போன் போட்டு, எடுக்கவில்லை என்று திரும்ப ஓடி, விடிந்து சாமியார் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவரைக் குறை சொல்லவில்லை, தூங்குகிற மனுஷன்தானே. அவஸ்தைப் பூசுதல் (சாமியார் எண்ணெய் பூசி ஜெபிப்பது) இல்லாமல் போய்விட்டார் என்று மாமியார் இன்றைக்கும் சொல்லி அழுகிறார். ராத்திரி வந்தால் எந்தக் கதவைத் தட்டலாம், யாரை எழுப்பலாம் என்று முதல் நாளே சொல்லுங்கள்.

அப்புறம், நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பழம் பறிக்கிற காலம். ஞாயிற்றுக்கிழமையும் பறிக்கக் கூப்பிடுவார்கள், கூலியை விட முடியாது. அந்த நாலு மாதமும் நாங்கள் பூசைக்கு வராவிட்டால் பக்தி குறைந்துவிட்டது என்று பிரசங்கத்தில் சொல்லாதீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பூசை வைத்தால் வருவோம்.

லைன் வீட்டுக்கு வருவீர்களா? சாமியார்கள் மேனேஜர் பங்களாவுக்கு வந்து ஜீப்பிலேயே போய்விடுகிறார்கள். எங்கள் வீட்டில் நாற்காலி இல்லை, பாயில்தான் உட்கார வேண்டும். வந்தால் சந்தோஷப்படுவோம்.

அன்பியம்_செயலர் (வெள்ளி மதியம்)

மேரி அக்கா எழுதியது எல்லாமே திருச்சபைச் சட்டத்தில் ஏற்கனவே இருக்கிறது. 1983ல் வந்த சட்டத்தொகுப்பில் 529வது விதியைப் பாருங்கள். பங்குத்தந்தை தம் பொறுப்பில் உள்ளவர்களை அறிய முயல வேண்டும், அதற்காகக் குடும்பங்களைச் சந்திக்க வேண்டும், அவர்களுடைய கவலையிலும் துக்கத்திலும் பங்கெடுக்க வேண்டும், நோயாளிகளையும் சாகும் நிலையில் இருப்பவர்களையும் தாராள அன்போடு தேற்ற வேண்டும், ஏழைகளையும் தனித்து விடப்பட்டவர்களையும் சொந்த நாட்டை விட்டு வர நேர்ந்தவர்களையும் தேடிப் போக வேண்டும் என்று அது சொல்கிறது. பாயில் உட்காருவது ஃபாதர் நமக்குச் செய்கிற சலுகை கிடையாது, அவருடைய வேலை.

இன்னொன்று, 534வது விதி. பொறுப்பேற்ற நாளிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் கடன் திருநாளும் (கட்டாயம் பூசை காண வேண்டிய திருநாள்) பங்குத்தந்தை ஒரு பூசையைத் தம் மக்களுக்காகவே ஒப்புக்கொடுக்கக் கடமைப்பட்டவர். அந்தப் பூசைக்கு யாரிடமும் கருத்துக் காணிக்கை (தங்கள் வேண்டுதலுக்காகப் பூசை வைக்கக் கொடுக்கும் பணம்) வாங்க முடியாது. பூசைக்குப் பணம் கட்ட முடியாத குடும்பத்துக்கும் வாரா வாரம் ஒரு பூசை இருக்கிறது! எத்தனை பேருக்கு இது தெரியும்? ஃபாதர், இதை முதல் ஞாயிறே வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்கிறவர்களுக்கு உங்களோடு ஒரு உறவு உண்டாகும்.

கடைசிப் பூசுதல் பற்றியும் ஒரு வார்த்தை. சாகும் நேரத்துக்கு மட்டும் என்று வைத்திருப்பதால்தான் ராத்திரியில் ஓட வேண்டியிருக்கிறது. கடுமையான நோய் தொடங்கும்போதே, பெரிய ஆபரேஷனுக்கு முன்னாலேயே நோயில்பூசுதல் பெறலாம். வயதாகித் தளர்ந்தவர்களும் பெறலாம். சாமியார் வந்துவிட்டார் என்றால் முடிந்தது என்று பயந்து வீட்டுக்காரர்களே தள்ளிப் போடுகிறார்கள். அந்தப் பயத்தைப் போக்க ஒரு புதுச் சாமியாருக்குத்தான் நல்ல வாய்ப்பு.

நிதிக்குழு_முன்னாள் (வெள்ளி இரவு)

பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். கீழே ஒரு பங்கில் நிதிக்குழுவில் இருந்தவன். அந்தப் பங்கில் திருவிழா வரி வீடு வீடாக வாங்கினார்கள், கணக்கு வரவே இல்லை. கேட்டவர்களைச் சபைக்கு எதிரானவர்கள் என்றார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது நின்றது, பிறகு வருவதும் நின்றது.

பங்குப் பேரவை (பங்கு மக்களின் ஆலோசனைக் குழு) வைப்பது ஆயர் முடிவு செய்வதைப் பொறுத்தது (விதி 536). ஆனால் நிதிக்குழு ஒவ்வொரு பங்கிலும் இருந்தே ஆக வேண்டும் (537). மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும் (1287). எனவே முதல் நாளே “மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரவு செலவு கோவில் பலகையில் ஒட்டப்படும்” என்று சொல்லிவிடுங்கள். வேறு எந்த வாக்குறுதியும் வேண்டாம்.

அரிசிப்பாளையம்_பெரியவர் (வெள்ளி இரவு)

தம்பி, நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் முதல் நாள் பணப்பேச்சு எடுத்தால் முன்னிருந்தவர் கணக்கு வைக்கவில்லை என்று அர்த்தமாகிவிடும். அதை ஒரு மாதம் கழித்து நிதிக்குழுக் கூட்டத்தில் வைத்துக்கொள்ளலாம்.

நிதிக்குழு_முன்னாள் (வெள்ளி இரவு)

ஐயா, ஒரு மாதம் கழித்து என்றால் யாராவது ஒருவர் பிரச்சினை கிளப்பின பிறகு என்று ஆகிவிடும். அப்போது சொன்னால் அது பதில் ஆகிவிடும். யாரும் கேட்பதற்கு முன் சொன்னால்தான் பழக்கமாகும். முன்னவரைக் குத்தாத மாதிரி சொல்ல வழி இருக்கிறது: “இந்தப் பங்கில் ஏற்கனவே நடந்துவருகிற கணக்கை நானும் தொடர்ந்து ஒட்டுவேன்.” நடக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

பெங்களூர்_பொடியன் (சனி காலை)

நான் மலையில் படித்து இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறேன். கிறிஸ்மஸுக்கும் கல்லறைத் திருநாளுக்கும் மட்டும் வருகிற கூட்டத்தில் ஒருவன். எங்களைப் பார்த்து “வருடத்துக்கு இரண்டு தரம் வருகிறவர்கள்” என்று பீடத்திலிருந்து சொன்னதைக் கேட்டு என் நண்பர்கள் அந்த இரண்டு தரத்தையும் நிறுத்திவிட்டார்கள். நவம்பர் 2 அன்று பாட்டி கல்லறைக்கு மெழுகுவர்த்தி ஏற்ற வருகிறவனிடம் பேசக் கிடைக்கிற நேரமே அதுதான். தயவுசெய்து அதைத் திட்டில் செலவழிக்காதீர்கள்.

பிரசங்கம் எவ்வளவு நேரம் என்பதையும் முதல் நாளே காட்டிவிடுங்கள். 2024 ஜூன் மாதத்தில் போப் பிரான்சிஸ் பொது மறைக்கல்வியின்போது (மக்களைச் சந்திக்கும் வாராந்திரக் கூட்டத்தில்) பிரசங்கம் எட்டு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம் என்றார். உங்களுக்கு ஐந்து நிமிடம் கொடுத்தால் நான்கில் முடித்து உட்காருங்கள். அதுவே போதுமான அறிமுகம்.

ஓர் உதவியும் கேட்கிறேன். ஓசூரிலும் பெங்களூரிலும் இருக்கிறவர்கள் கல்யாணம் பேசும்போது ஞானஸ்நானச் சான்றிதழுக்கு அலைய வேண்டியிருக்கிறது. ஊருக்கு வந்தால் ஃபாதர் இல்லை, ஃபாதர் இருந்தால் பதிவேடு பூட்டியிருக்கிறது. மூன்று ஓலை (கோவிலில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பு) வாசிக்க மூன்று வாரம் வேறு வேண்டும். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு அலுவலகம் திறந்திருக்கும் என்று சொன்னால் லீவு போட்டு வருகிறவர்களுக்கு எவ்வளவோ நல்லது.

மறைக்கல்வி_டீச்சர் (சனி மதியம்)

ஃபாதர், குழந்தைகளைப் பற்றி நீங்களே முதலில் பேசுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இதை எழுதக் கொஞ்சம் தயக்கமாக இருந்தது, ஆனாலும் எழுத வேண்டிய விஷயம்.

மறைக்கல்வி, பீடச் சிறுவர் பயிற்சி, பாடற்குழு, இவை எல்லாம் பிள்ளைகள் பெற்றோர் இல்லாமல் கோவில் வளாகத்தில் இருக்கிற நேரங்கள். எந்தப் பெரியவரும், சாமியார் உட்பட, ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. பயிற்சி எல்லாம் திறந்த இடத்தில், இரண்டு பெரியவர்கள் முன்னிலையில்தான் நடக்கும். இதை நீங்களே சொல்லிவிட்டால் பிறகு நாங்கள் யாரிடமும் சங்கடப்படாமல் கேட்கலாம். 2012ல் வந்த போக்சோ சட்டப்படி ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தும் புகார் சொல்லாமல் இருப்பதே குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை மறைக்கல்வி வகுப்புச் சுவரில் எழுதி வையுங்கள்.

எஸ்டேட்டில் அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போனபின் பிள்ளைகளுக்குக் கோவில்தான் பாதுகாப்பான இடம் என்று நம்பி விட்டுப் போகிறார்கள். அந்த நம்பிக்கைக்குப் பதில் சொல்கிற வார்த்தை முதல் ஞாயிறு வர வேண்டும்.

நாகலூர்_பக்கம் (சனி மாலை)

நான் கிறிஸ்தவன் இல்லை. மலையாளி என்கிற மலைவாழ் இனம் (கேரளத்துக்காரர்கள் இல்லை), சேர்வராயன் சாமியைக் கும்பிடுகிறவர்கள். என் மகள் படிப்பது சிஸ்டர்கள் நடத்துகிற பள்ளிக்கூடத்தில், அதனால் இந்தப் பேச்சைப் படித்துவந்தேன்.

புதுச் சாமியார் கோவிலுக்குள் இருக்கிறவர்களிடம் மட்டும் அறிமுகமானால் போதாது. உங்கள் தேர் போகிற பாதை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. மே மாதம் எங்கள் சேர்வராயன் திருவிழா. வந்த மாதத்திலேயே ஊர்ப் பெரியவர்களை ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போங்கள். முன்னிருந்த ஃபாதர் ஒருவர் எங்கள் ஊரில் சாவு விழுந்தால் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டுப் போவார். ஜெபம்கூடச் சொல்ல மாட்டார். அவருக்காக எங்கள் ஆட்கள் எதையும் செய்வார்கள்.

இன்னொரு விஷயம், சாமான் ஏற்றிவரும் வண்டிக்காரரிடம் சொல்லிவிடுங்கள். கோடை விழா நேரத்தில் மேலே ஏற அடிவாரம் வழி, இறங்கக் குப்பனூர் வழி என்று போலீஸ் ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவார்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் சுற்றுலா வண்டியாக நிற்கும். விடிகாலையில் ஏறிவிடுவது நல்லது.

செவ்வாய்ப்பேட்டை_அந்தோணி (சனி இரவு)

எல்லோரும் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். எந்தப் பங்கிலும் புதுச் சாமியாரைப் பற்றி முதலில் ரகசியமாகக் கேட்கப்படும் கேள்வி “அவர் என்ன ஆள்?” என்பதுதான். பெரியவர் ஐயா சொன்ன “யார் வீட்டுப் பிள்ளை” என்பதற்குள்ளும் அது ஒளிந்திருக்கிறது. ஐயா அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். கேட்கிறவர்கள் அந்த அர்த்தத்தில் எடுத்துக்கொள்வார்கள்.

நான் தலித் கிறிஸ்தவன். 1950 ஜனாதிபதி ஆணைப்படி பட்டியல் சாதிச் சலுகை எங்களுக்குக் கிடையாது. சீக்கியர்களை 1956லும் பௌத்தர்களை 1990லும் சேர்த்தார்கள், எங்களை இன்றுவரை சேர்க்கவில்லை. அரசாங்கம் “நீ கிறிஸ்தவன், உனக்குச் சாதி இல்லை” என்கிறது. கோவிலுக்குள் வந்தால் தேர் தூக்குகிற வரிசையிலும் கல்லறையிலும் சாதி இருக்கிறது. அதனால் ஃபாதர், சந்திக்கப் போகிற வீட்டு வரிசையைக் கவனியுங்கள். முதல் வாரம் எந்த வீட்டில் சாப்பிட்டீர்கள் என்பதை மொத்தப் பங்கும் எண்ணிக்கொண்டிருக்கும். பெரிய வீட்டு விருந்தில் ஆரம்பித்துவிட்டுக் கடைசியில் எங்கள் தெருவுக்கு வந்தால், மைக்கில் சொன்ன எந்த வார்த்தையும் நிற்காது.

அரிசிப்பாளையம்_பெரியவர் (சனி இரவு)

அந்தோணி தம்பி சொன்னதைப் படித்தேன். நீங்கள் சொல்கிறபடி எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். சாமி, ஊர்ப் பெயரும் அப்பா தொழிலும் போதும், அதற்கு மேல் யாராவது கிளறினால் பதில் சொல்லாதீர்கள்.

புதுப்பங்கு_ஃபாதர் (சனி இரவு, வெகு நேரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. சாமான் ஏற்றியாகிவிட்டது, விடிகாலை கிளம்புகிறேன். நாளை பேசப்போவதை எழுதிவிட்டேன். கீழே போடுகிறேன், படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

“அன்பான பங்கு மக்களே, நான் ராசிபுரம் பக்கத்து நெசவாளர் மகன். உங்களோடு இத்தனை ஆண்டு இருந்து இப்போது வேறு பங்குக்குப் போயிருக்கும் தந்தைக்கு உங்கள் சார்பில் நன்றி சொல்கிறேன். இன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பூசை உங்களுக்காகவே. அதற்கு யாரும் காணிக்கை கட்ட வேண்டாம். திருமுழுக்கோ, திருமணமோ, அடக்கமோ, பணம் இல்லை என்பதால் யாருக்கும் நிற்காது.

ராத்திரி எந்த நேரமும் பங்கு இல்லத்தின் பக்கவாட்டுக் கதவைத் தட்டலாம். அங்கே ஒரு மணி கட்டுகிறேன். நான் வெளியூர் போனால் யாரைக் கூப்பிடுவது என்று அந்தக் கதவிலேயே எழுதியிருக்கும். நோயாளி இருக்கிற வீட்டுக்காரர்கள் இந்த வாரமே சொல்லுங்கள், தெம்பாக இருக்கும்போதே வந்து பூசுகிறேன்.

பிள்ளைகளின் எல்லா வகுப்பும் திறந்த கதவோடு, இரண்டு பெரியவர்கள் இருக்கத்தான் நடக்கும். எனக்கும் அந்த விதி உண்டு. கணக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பலகையில் இருக்கும். சான்றிதழுக்குப் புதன், சனி காலை வரலாம்.

வீடு சந்திப்பைக் கோவிலிலிருந்து மிகத் தூரமான லைனிலிருந்து தொடங்குகிறேன். எந்த வீட்டிலும் தண்ணீர் குடிப்பேன். எல்லா வீட்டையும் பார்த்து முடிக்கும்வரை எந்த வீட்டிலும் விருந்து சாப்பிட மாட்டேன். பூசை நேரம் எதையும் இப்போது மாற்றவில்லை. பழம் பறிக்கும் காலம் தொடங்குவதற்கு முன் உங்களிடம் கேட்டு முடிவு செய்வோம்.”

சத்தமாக வாசித்துப் பார்த்தேன், நான்கு நிமிடத்துக்குள் வருகிறது. ஊர்ப் பெரியவர்களைப் பார்க்க வருவதை மைக்கில் சொல்லவில்லை, நேரில் வருகிறேன்.

அன்பியம்_செயலர் (சனி இரவு)

நன்றாக இருக்கிறது ஃபாதர். ஒரு திருத்தம். “யாரும் காணிக்கை கட்ட வேண்டாம்” என்றால் சிலர் இனிமேல் எந்தப் பூசைக்கும் கருத்துக் கொடுக்க வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள். “அந்த ஒரு பூசைக்கு” என்று அழுத்திச் சொல்லுங்கள்.

பெங்களூர்_பொடியன் (ஞாயிறு காலை)

பொன்னாடை போடுவதற்கே அரை மணி நேரம் ஆகும், அதை யாராவது குறைக்கச் சொல்லுங்கள். அன்பியத்துக்கு (பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த குழு) ஒன்று என்று ஆரம்பித்து எல்லாச் சபையும் வரிசையில் நிற்கும். சால்வைக்குப் பதில் ஒவ்வொரு அன்பியமும் தங்கள் வீடுகளில் இருக்கிற நோயாளிகள், தனியாக இருக்கிற முதியவர்கள் பட்டியலை எழுதிக் கொடுத்தால் ஃபாதருக்குத் திங்கட்கிழமையே வேலை தொடங்கிவிடும்.

புதுப்பங்கு_ஃபாதர் (ஞாயிறு இரவு)

பட்டியல் யோசனையைப் பூசைக்கு முன்னால் பங்குப் பேரவைச் செயலரிடம் சொன்னேன். சால்வை எப்படியும் வந்தது, பெரியவர்கள் ஆசையாக வாங்கி வைத்திருந்தார்கள், மறுக்க மனம் வரவில்லை. ஆனால் மூன்று அன்பியங்கள் உட்கார்ந்த இடத்திலேயே நோட்டுத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டன. மற்றவை இந்த வாரம் வரும்.

வாசலில் நின்றபோது என்னிடம் வந்தவர்கள் பெரும்பாலும் கேட்டது மணியைப் பற்றித்தான். எந்தப் பக்கக் கதவு என்று இரண்டு பாட்டிகள் என்னைக் கூட்டிப்போய்க் காட்டச் சொன்னார்கள். அந்த வழியில் விளக்கு இல்லை, ராத்திரி படி தெரியாது. நாளைக்கு எலக்ட்ரீஷியன் வருகிறார்.

மேரி அம்மா, ஒன்று கேட்க வேண்டும். லைன் வீடுகளுக்கு எந்த நேரம் வந்தால் ஆட்கள் இருப்பார்கள்? காலையில் போனால் பூட்டியிருக்கும் என்றார்கள்.

எஸ்டேட்_மேரி (ஞாயிறு இரவு)

காலையில் வராதீர்கள் ஃபாதர், யாரும் இருக்க மாட்டோம். வேலை விட்டு, விறகு எடுத்து, தண்ணீர் பிடித்து முடிக்க அஞ்சரை ஆகும். அதுக்கு மேல் வாங்க. டார்ச் கொண்டு வாங்க, திரும்பும்போது காட்டெருமை நிற்கும், தனியாக நடக்க வேண்டாம். லைனில் யாராவது ஒரு பையனைக் கூட அனுப்பச் சொல்லுங்கள். பௌர்ணமியை ஒட்டின நாளில் தூரத்து லைனை வைத்துக்கொண்டால் வசதி. சம்பள நாள் மட்டும் வேண்டாம், அன்றைக்கு எல்லோரும் சாமான் வாங்க டவுனுக்குப் போயிருப்போம்.